ருஷ்ய மலையும் அமெரிக்க மலையும்



பொருள்களுக்குப் பெயர் சூட்டுவதில் மனிதருக்கு விந்தையான பழக்கம் ஒன்றுண்டு. தமக்குப் புதியதாகத் தோன்றும் எதனையும் அயலாருடையதென்று சொல்லிவிடுவர். உயரத்திலிருந்து சரிந்து, பள்ளத்தில் வீழ்ந்து, அவ்வீழ்ச்சியின் வேகத்திலேயே மறுபடியும் மேடேறிப் பாய்கின்ற களியாட்ட வண்டியொன்று உண்டல்லவா? ஆங்கிலத்தைப் பின்பற்றி நாம் அதனை ரோலர் கோஸ்டர் என்கின்றோம். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் ஸ்பானியரும் தத்தம் மொழிகளில் அதனை ‘ருஷ்ய மலை’ என்பர். ருஷ்யரிடம் சென்று கேட்டாலோ, ‘அமெரிக்க மலை’ என்று விடை வரும். இவ்விரு பெயர்களுக்குமிடையில் முந்நூறு ஆண்டு வரலாறு கிடக்கின்றது. அந்த வரலாற்றையும், அவ்வண்டிகளில் ஏறுவதை ஒரு பித்தாகவே கொண்டுவிட்ட ஒருவனுடைய விருப்பு வெறுப்புக்களையும் இன்று உங்கள்முன் வைக்க எண்ணுகின்றேன்.

பிரெஞ்சுக்காரர் சொல்வதே முதலில் மெய். பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி ருஷ்ய நாட்டிலே, பனிக்காலத்தில், மரத்தினால் எழுபது எண்பது அடி உயரச் சாரங்கள் எழுப்பி, சரிவான பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் நீரை வார்த்து உறையவிடுவர். ஒரே இரவில் அது பளிங்கு மலையாகிவிடும். மறுபக்கத்திலுள்ள படிகளில் ஏறி உச்சியை அடைந்தவர்கள், சிறிய மரச் சறுக்குப் பலகையிலோ, உட்காருவதற்கென்று குடைந்து வைக்கோல் இட்ட பனிக்கட்டியின்மீதோ அமர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் தரைக்கு வந்துசேர்வர். பீற்றர்ஸ்பேர்க் நகரில் குடியானவரும் பிரபுக்களும் ஒருங்கே விரும்பிய விளையாட்டு இது.

பனிக்காலம் போனால் விளையாட்டும் போய்விடுமே என்ற குறை மாதரசி கத்தரீனுக்கு இருந்திருத்தல் வேண்டும். அவளுடைய ஆட்சிக்காலத்தில், ஒரானியன்பாம் என்னுமிடத்து அரண்மனைத் தோட்டத்திலே, இத்தாலியச் சிற்பி அந்தோனியோ ரினால்டி 1762ஆம் ஆண்டு முதல் ஒரு சரிவு மண்டபத்தை அமைத்தான். அங்கே பனிக்கட்டிக்குப் பதிலாகச் சில்லுகள் பூட்டிய வண்டிகள் வந்தன. மண்டபத்தின் மாடியிலிருந்து புறப்படும் வண்டி, அலையலையாக எழுந்து தாழும் மரப்பாதையில் நெடுந்தூரம் ஓடி ஓயும். அப்பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் மேகத்தின் நிறமும் வெண்மையும் கலந்த அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது. மகுடம் தரித்தோருக்கும் வயிறு குலுங்குகின்ற இன்பம் தேவைப்பட்டிருக்கின்றது என்பதற்கு அக்கட்டடம் ஒரு சான்று.

நெப்போலியன் வீழ்ந்த பின்னர், 1817இல், பாரிஸ் நகரிலே இரண்டு இடங்களில் இவ்விளையாட்டு குடியேறிற்று. ஒன்று பெல்வில் குன்றில் அமைந்தது; அதன் பெயரே ‘ருஷ்ய மலை’. மற்றொன்று போஜோன் தோட்டத்தில் எழுந்தது. ‘வான உலா’ என்ற பொருளுடைய பெயரை அதற்கு இட்டனர். வண்டி பாதையை விட்டு விலகாதவாறு சில்லுகளைப் பாதையோடு பிணைத்தமை பிரெஞ்சுக்காரர் செய்த திருத்தம். இத்திருத்தத்தை மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் வரலாறு முழுவதும், வண்டியையும் பாதையையும் எவ்வாறு பிரியாமல் வைத்திருப்பது என்ற ஒரே வினாவின் வரலாறேயாகும்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே இக்கதை களியாட்டத்தில் தொடங்கவில்லை, நிலக்கரியில் தொடங்கிற்று.

பென்சில்வேனியா மாநிலத்தில் மோக் சங்க் என்றொரு மலையூர். அவ்வூரின் மேலே, சமிட் ஹில் என்னும் இடத்தில், நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. கீழே ஆறும் கால்வாயும் இருந்தன. இடையே ஒன்பது மைல். 1827ஆம் ஆண்டில் நிலக்கரிக் கம்பனியார் மலைச்சரிவில் தண்டவாளம் அமைத்தனர். கரி நிறைத்த பெட்டிகளை மேலேயிருந்து அவிழ்த்துவிட்டால், இழுப்பார் எவரும் இன்றி, புவியீர்ப்பு ஒன்றினாலேயே அவை சுமார் அரைமணி நேரத்தில் ஆற்றங்கரையை அடைந்தன. வெறும் பெட்டிகளைத் திரும்ப மேலே இழுத்துச் செல்வது கோவேறு கழுதைகளின் வேலை. அதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கழுதைகளைக் கீழே கொண்டுவரவும் வேண்டுமே! அவற்றுக்கெனத் தனிப் பெட்டிகள் கோத்து, அவற்றிலேயே ஏற்றிக் கீழே அனுப்பினர். சில நாள் இவ்வாறு சவாரி செய்து பழகிய கழுதைகள், பின்னர் எவ்வளவு அடித்தாலும் கீழ்நோக்கி நடந்துவர மறுத்துவிட்டனவாம். இவ்வண்டியின் முதல் இரசிகர்கள் யாரென்று என்னைக் கேட்டால், கத்தரீன் மாதரசியை அல்ல, அக்கழுதைகளையே சொல்வேன். காசு கொடுத்துப் புகழ வேண்டிய கடமை அவற்றுக்கு இருக்கவில்லை.

1840களின் நடுவில், கழுதைகளின் இடத்தை மலையுச்சியில் வைத்த நீராவி இயந்திரங்கள் பெற்றன. பெட்டிகளை உச்சிக்கு இழுத்துவிட்டால், ஒரு சரிவில் இறங்கி, மற்றொரு உச்சிக்கு ஏற்றப்பட்டு, மறுபடியும் சரிந்து, சுற்றிக்கொண்டு வரும் முழுப்பாதையாக அது ஆயிற்று. 1872ஆம் ஆண்டில் புகையிரதப் பாதையொன்று மலையைக் குடைந்து வந்ததும், கரி அதன் வழியே செல்லலாயிற்று. கரி போன பாதையில் மனிதர் ஏறினர். மலைக்காட்சியும், உச்சியிலிருந்து கட்டவிழ்ந்து ஓடும் வேகமும் அமெரிக்கரை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அங்கே இழுத்தன. பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1933இல், அப்பாதை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் தண்டவாளம் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. உலகின் மிக நீண்ட, மிக அழகிய மலைச்சவாரியை இரும்புக் கடைக்காரனுக்கு விற்றவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கின்றது.

அவ்வூரின் பாதையைக் கண்டு ஊக்கம் பெற்றவன் என்று கருதப்படுபவன் லாமார்க்கஸ் தொம்சன். 1848இல் ஒகையோ மாநிலத்திலே பிறந்தவன். காலுறைத் தொழிலில் பொருள் ஈட்டியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் கற்பித்தவன். அக்காலத்து அமெரிக்க நகரங்களில் உழைப்பாளிக்கு ஓய்வு என்றால் மதுச்சாலையும் அதனிலும் இழிந்த இடங்களுந்தாம். அவற்றினின்றும் மக்களை இழுக்கவேண்டுமானால், பாவமில்லாத ஒரு சிலிர்ப்பை மலிவாகக் கொடுக்கவேண்டும் என்று அவன் எண்ணினான். 1884ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நியூயோர்க் நகரின் கடற்கரையான கோனி ஐலண்டில், அறுநூறு அடி நீளமுள்ள இரட்டை மரப்பாதையொன்றைத் திறந்தான். கட்டணம் ஐந்து சதம். வேகம் மணிக்கு ஆறு மைல்! இன்று துவிச்சக்கர வண்டியில் செல்லும் சிறுவன் அதனை எளிதில் முந்திவிடுவான். பயணிகள் முன்நோக்கி அமராமல், கடற்காட்சியைக் கண்டுகொண்டு பக்கவாட்டில் அமர்ந்தனர். ஒரு முனைக்குப் போனதும் எல்லாரும் இறங்கவேண்டும். பணியாளர் வண்டியை மேட்டிற்குத் தள்ளி மறு பாதையில் விடுவர். இத்தனை தொல்லைக்கும் மக்கள் மணிக்கணக்காகக் காத்துநின்றனர். போட்ட முதல் சில வாரங்களிலேயே திரும்பிவந்தது என்பர்.

பணம் குவியும் இடத்தில் போட்டி பிறக்கத் தாமதமாகாது. அதே ஆண்டிலேயே ஒருவர் பாதையின் இரு முனைகளையும் இணைத்து வட்டமாக்கினார். அடுத்த ஆண்டில் மற்றொருவர் வண்டியை மேட்டிற்கு இழுக்கும் பொறியைச் சேர்த்து, பயணிகளை முன்நோக்கி அமர்த்தினார். ஈராண்டு நிறையுமுன் அவ்வண்டி தன் அடிப்படை வடிவத்தை எய்திவிட்டது.

வேகமும் உயரமும் போதாதென்று மனிதரைத் தலைகீழாகப் புரட்டும் ஆசையும் விரைவிலேயே வந்தது. கோனி ஐலண்டில் 1895இல் அமைந்த ஒரு வண்டி, சரியான வட்ட வடிவமுள்ள வளையத்தினுள்ளே பாய்ந்து சுழன்று வந்தது. இங்கே சிறிது கணக்கு வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பாதையில் ஓடும் பொருளை வளைவு அழுத்துகின்றது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். வளைவு குறுகினாலும் அழுத்தம் மிகும். வளையத்தின் அடியில் வண்டி மிக வேகமாக ஓடும். உச்சியில் வேகம் குறைந்திருக்கும். வட்டத்திலோ வளைவு எங்கும் ஒன்றே. ஆகவே, உச்சியில் வண்டி விழாதிருப்பதற்குப் போதுமான வேகத்தைக் கொடுத்தால், அடியில் அது மனிதரை நசுக்கும் வேகமாகிவிடுகின்றது. நேரான பாதையிலிருந்து வட்டத்தினுள் புகுகின்ற கணத்தில் அந்தப் பாரம் சம்மட்டி அடிபோல் ஒருங்கே விழும். பயணிகளின் தன் எடையைப்போற் பன்னிரண்டு மடங்கு பாரம் அங்கே அழுத்திற்று என்று கணித்துள்ளனர். கழுத்துச் சுளுக்கோடு இறங்கியவர் பலர். 1901இல் எட்வின் பிறெஸ்கொற் என்பவர் நீள்வட்டமாக வளையம் அமைத்து நோவைப் பெரிதும் குறைத்தார். ஆனாலும் ஒருமுறைக்கு நால்வரே ஏறக்கூடிய வண்டி அது. ஏறுபவரிலும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவரே மிகுதி. வளையம் கைவிடப்பட்டு முக்கால் நூற்றாண்டு உறங்கிற்று.

இனி நான் மிகவும் மதிக்கும் மனிதரிடம் வருகின்றேன். ஜோன் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரை இவ்வண்டிகளில் ஏறுவோர் ஆயிரத்தில் ஒருவரும் அறியார். வண்டி மேட்டில் ஏறும்போது ‘கடகட’ என்று ஓர் ஒலி கேட்கும். இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதவாறு, பல் வைத்த தண்டொன்றிலே கொளுவி ஒன்று தட்டித் தட்டிச் செல்லும் ஒலி அது. அச்சத்தை வளர்க்கும் ஒலியாக நாம் கேட்பது உண்மையிலே அடைக்கலத்தின் ஒலி. அக்கொளுவியைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் மில்லர். அதனிலும் பெரிதாக அவர் செய்தது, 1919இல் காப்புரிமை பெற்ற அடிச்சில்லு. அதுவரை வண்டிகள் பாதையின்மீது வெறுமனே அமர்ந்தே ஓடின. மேட்டை வேகமாகக் கடந்தால் வண்டியே பாதையை விட்டு எழும்பிவிடும். தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு சில்லை மில்லர் பூட்டினார். வண்டி எழும்ப முடியாது. எழும்புவது பயணி மட்டுமே.

அவ்வெழும்புதலை ஏறாதவருக்கு விளக்குவது கடினம். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது உடல் மேல்நோக்கிச் செல்லவே முயல்கின்றது. வண்டியோ கீழே இழுக்கப்படுகின்றது. ஒரு கணம் இருக்கைக்கும் நமக்கும் உறவு அற்று, அந்தரத்தில் நிற்கின்றோம். ஊஞ்சலை ஓங்கி ஆட்டி உச்சியிலே ஒரு நொடி தயங்கும்போது வயிற்றில் உண்டாகும் வெறுமையை நம்மூர்ப் பிள்ளைகள் யாவரும் அறிவர். அதைப் பத்து மடங்காக்கிக் கொள்ளுங்கள். இரசிகர் என்போர் ஒரு வண்டியை மதிப்பிடுவது இந்த அந்தரத்தைக் கொண்டுதான். உயரத்தைக் கொண்டு மதிப்பிடுவோர் விளம்பரத்தை வாசிப்போர் என்பது என் துணிபு.

1920களில் அமெரிக்காவெங்கும் இவை முளைத்தன. ட்ராம் வண்டிக் கம்பனிகள், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பயணிகளைப் பெறும்பொருட்டுத் தம் பாதையின் கோடியில் களியாட்டப் பூங்காக்களை அமைத்திருந்தன. அக்காலத்தின் மணிமுடி என்று சொல்லத்தக்கது கோனி ஐலண்டின் ‘சைக்ளோன்’. சூறாவளி என்பது பெயர்ப்பொருள். 1927ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி திறக்கப்பட்டது. உயரம் எண்பத்தைந்து அடிதான். வேகம் மணிக்கு அறுபது மைல். முதற்சரிவு ஏறத்தாழ அறுபது பாகை செங்குத்து. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவ்விரண்டு நிமிடத்தில் ஒரு விநாடியும் வீண்போவதில்லை. ஒடுங்கிய நிலத்தில் பாதை தன்னைத் தானே மடித்துக்கொண்டு, தன் சாரத்தினூடாகவே நுழைந்து செல்லும். தலை இடித்துவிடும் என்ற நடுக்கம் இறுதிவரை நீங்காது. மரம் நெளியும், முனகும், உடம்பைக் குலுக்கும். மென்மையை நாடுவோர் இதனைக் குறை கூறுவர். எனக்கோ அந்தக் குலுக்கலே இசை. முன் இருக்கையில் காட்சி உண்டு. பின் இருக்கையில் அந்தரம் உண்டு. ஒருமுறையே ஏறக் காசு இருப்பவர் பின்னால் அமர்வாராக.

அதே 1927இல் கனடாவில், கிறிஸ்ரல் பீச் என்னுமிடத்தில், ஹரி ற்றேவர் என்பவர் இன்னொரு ‘சைக்ளோன்’ கட்டினார். அது பயணிகளைத் திருகிய திருகலில், நிலையத்திலேயே ஒரு தாதியை நியமிக்க நேர்ந்தது. 1946இல் மூடிவிட்டனர். அதன் உருக்கும் மரமும் 1948இல் ‘கொமெற்’ என்னும் சாந்தமான வண்டியாக மறுபிறவி எடுத்தன. அது 1994இல் நியூயோர்க் மாநிலத்துக்குப் பெயர்ந்தது. துன்புறுத்துவதற்கும் சிலிர்ப்பிப்பதற்கும் உள்ள வேற்றுமையை ற்றேவர் அறியாதவர் அல்லர். அதைப் பொருட்படுத்தாதவர் என்றே தோன்றுகின்றது.

பொருளாதார வீழ்ச்சியும், அதனை அடுத்துவந்த போரும், பின்னர் மோட்டார்க் காரின் பெருக்கமும் இப்பூங்காக்களை விழுங்கின. மரப்பாதைகள் உக்கின, தீப்பற்றின, விறகாயின.

இந்தப் பொற்காலம் எல்லாருக்கும் பொற்காலமாக இருக்கவில்லை என்பதையும் கூறாமல் விட்டால், நான் கூறுவது வரலாறாகாது. தொம்சன் ஐந்து சதத்துக்கு விற்ற இன்பத்தை, ஐந்து சதம் கையில் இருந்தும் வாங்க முடியாதோர் இருந்தனர். அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் வாயிலுக்குள்ளேயே விடப்படவில்லை. சில இடங்களில் ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. தலைநகர் வாஷிங்டனுக்கு அண்மையில், மேரிலாந்தில், கிளென் எக்கோ என்ற பூங்கா இருந்தது. 1960 யூன் 30ஆந் திகதி, ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே சென்று, சுற்றும் குதிரை ராட்டினத்தில் ஏறி அமர்ந்துகொண்டனர். கையில் பயணச்சீட்டு இருந்தது. கைது செய்யப்பட்டனர். கோடை முழுவதும் வாயிலில் மறியல் நடந்தது. அயலிலிருந்த வெள்ளையரும் அவர்களோடு சேர்ந்து நின்றனர். அடுத்த ஆண்டில் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. பால்ற்றிமோர் நகரின் குவின் ஓக் பூங்காவில் பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் பின், 1963 ஓகஸ்ட் 28ஆந் திகதி கதவு திறந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தமது புகழ்பெற்ற பேருரையை நிகழ்த்திய நாளும் அதுவே. அவர் அவ்வாண்டில் பேர்மிங்ஹம் சிறையிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில், பூங்கா விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் கண்டு, தன்னை ஏன் அங்கே அழைத்துச் செல்லக்கூடாதென்று கேட்கும் ஆறு வயது மகளுக்குத் தந்தை விடை கூறத் திணறும் நிலையைக் குறிப்பிடுகின்றார். கடிதத்தின் பெரிய வாதங்கள் யாவும் மறந்துபோன பின்னரும், அந்தச் சிறுமியின் கேள்வி மனத்தில் நின்றுவிடும். ராட்டினமும் சறுக்குவண்டியும் விளையாட்டுத்தானே, இவற்றுக்காகச் சிறை செல்வதா என்று அன்றே கேட்டவர்கள் இருந்தனர். குழந்தைக்கு விளையாட்டைவிடப் பெரிய உரிமை எது என்று அவர்களை நான் கேட்பேன். சில பூங்காக்களின் உடைமையாளர், வாயிலைத் திறப்பதிலும் பூங்காவையே மூடுவது மேல் என்று முடிவு செய்தனர் என்பதும் பதிவாகியுள்ள உண்மை.

இவ்வண்டிக்கு மறுவாழ்வு கொடுத்தது உருக்குக் குழாய். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1959இல், அங்கே சுவிற்சர்லாந்தின் மற்றர்ஹோன் சிகரத்தைப்போல ஒரு செயற்கை மலையை எழுப்பி, அதனுள்ளே குழாய்த் தண்டவாளத்தில் வண்டிகளை ஓடவிட்டனர். மரப்பாதையைத் தச்சன் கட்டுகின்றான். குழாயையோ விரும்பியவாறெல்லாம் வளைக்கலாம். 1975இல் அதே மாநிலத்து நொட்ஸ் பெரி பாம் பூங்காவில் தக்கைத்திருகு வடிவில் மனிதரைப் புரட்டும் பாதை வந்தது. 1976இல், ஜேர்மானியரான அன்ரன் சுவார்ஸ்கொப்பும் வேர்னர் ஸ்ரெங்கலும், உறங்கிக்கிடந்த வளையத்தைத் துயிலெழுப்பினர். அவர்கள் செய்த வளையம் வட்டமன்று. தலைகீழான கண்ணீர்த்துளி போன்றது. அடியில் அகன்று, உச்சியில் குறுகும். வேகம் மிக்க இடத்தில் மென்மையான வளைவு, வேகம் குறைந்த இடத்தில் இறுக்கமான வளைவு. 1895இல் கழுத்தை முறித்த கணக்குக்கு எண்பது ஆண்டின் பின் விடை கிடைத்தது.

அதன்பின் தொடங்கியது உயரப் போட்டி. ஒகையோவின் சீடார் பொயின்ற் பூங்காவில் 1989இல் இருநூறு அடியைக் கடந்தனர். 2000இல் முந்நூறைக் கடந்தனர். 2003இல் நானூற்றிருபதை எட்டினர். 2005இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் எழுந்த ‘கிங்டா கா’ நானூற்றைம்பத்தாறு அடி! மூன்றரை விநாடியில் மணிக்கு நூற்றிருபத்தெட்டு மைல் வேகத்தை எட்டி, ஒரு கோபுரத்தில் ஏறி இறங்கினால் பயணம் முடிந்தது. அரை நிமிடந்தான். அதனைச் சவாரி என்பதா, பீரங்கிக் குண்டின் அனுபவம் என்பதா? அடிக்கடி பழுதடைந்து நின்ற அவ்வண்டி 2024இல் மூடப்பட்டு, 2025 பெப்ரவரி 28ஆந் திகதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் ஆயுள் இருபது ஆண்டுக்கும் குறைவு. எண்பத்தைந்து அடி உயரமுள்ள கோனி ஐலண்ட் ‘சைக்ளோன்’ நூறாவது ஆண்டை நெருங்கியும் ஓடிக்கொண்டிருக்கின்றது. 1970களில் நகரசபையார் அதனையும் இடித்து மீன்காட்சிச்சாலையைப் பெருப்பிக்க முயன்றதுண்டு. ஊரார் எதிர்த்து நின்று காத்தனர். 1975இல் புதுக்கி ஓடவிட்டனர். 1988இல் நகரின் காப்புச் சின்னமாகவும் அறிவித்தனர்.

உயரத்தை விடுத்துப் பள்ளத்தை நாடியது ஒன்றும் உண்டு. அது என் உள்ளத்துக்கு மிகவும் உவப்பானது. இங்கிலாந்தின் ஓல்ற்றன் ரவர்ஸ் பூங்காவில், மரங்களின் உச்சிக்கு மேலே எதுவும் எழும்பக் கூடாதென்பது அயலாரை முன்னிட்டு விதித்த விதி. 1994இல் ‘நெமெசிஸ்’ என்னும் வண்டியை அமைத்தவர்கள், மேலே போக முடியாவிட்டால் கீழே போவோம் என்று பாறையை வெடிவைத்துக் குடைந்து, பாதையை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினர். இருக்கைகள் பாதையின் கீழே தொங்கும். கால்கள் காற்றில் ஆடும். பாறை கைக்கெட்டும் தூரத்தில் பாய்ந்து வந்து விலகும். தடை ஒன்று இல்லாதிருந்தால் இவ்வழகு பிறந்திராது.

ஆனால் அதே பூங்காவில் நடந்த வேறொன்றையும் சொல்லவேண்டும். ‘ஸ்மைலர்’ என்ற வண்டி 2013இல் அங்கே திறந்தது. பதினான்கு முறை தலைகீழாகப் புரட்டுவது அதன் பெருமை. 2015 யூன் 2ஆந் திகதி, ஆளில்லாத சோதனை வண்டியொன்று பாதையின் நடுவில் நின்றுவிட்டது. புகையிரதப் பாதையில் ஒரு கூறுக்குள் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொன்றை விடமாட்டார்களல்லவா? இங்கும் அவ்வொழுங்கு உண்டு. கணினி மறு வண்டியை நிறுத்திற்று. பணியாளர் அதைப் பிழையான எச்சரிக்கை என்று கருதி, தம் கையாலேயே அந்தத் தடையை மீறி வண்டியை விட்டனர். பதினாறு பேர் நிறைந்த வண்டி வெற்று வண்டியில் மோதிற்று. இளம்பெண்கள் இருவர் ஒவ்வொரு காலை இழந்தனர். நீதிமன்றம் கம்பனிக்கு ஐம்பது இலட்சம் பவுண் அபராதம் விதித்தது.

இதனிலும் கொடியது 1972 மே 30ஆந் திகதி இலண்டன் பற்றர்சீ பூங்காவில் நிகழ்ந்தது. 1951ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பெருவிழாவுக்காக அமைத்த களியாட்டத் திடல் அது. அங்கிருந்த மரவண்டி மேட்டில் ஏறும்போது இழுகயிற்றை விட்டு விலகிற்று. பின்னோக்கி உருளாமல் பிடிக்கவேண்டிய தடை பிடிக்கவில்லை. வண்டி பின்னாலேயே உருண்டுவந்து சிதைந்தது. குழந்தைகள் ஐவர் மாண்டனர். ஜோன் மில்லர் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டிருந்த வினாவுக்காக அக்குழந்தைகள் மாண்டனர். முன்னே நான் சொன்ன ‘கடகட’ ஒலியை ஒவ்வொரு முறையும் செவிகொடுத்துக் கேட்பவனாக நான் இருப்பதன் காரணம் இதுவே. பொய்யான அச்சத்தை விற்பவன், மெய்யான அச்சத்தைத் தன் தோளில் சுமக்கக் கடமைப்பட்டவன்.

பழைய வண்டிகளைப் பேணுவோரைப்பற்றியும் சில சொற்கள். பென்சில்வேனியாவின் அல்ற்றூனா நகரில் 1902இல் கட்டிய ‘லீப் த டிப்ஸ்’ என்னும் மரவண்டியே எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது. நாற்பத்தொரு அடி உயரம். மணிக்குப் பத்து மைல் வேகம். அடிச்சில்லும் இல்லை, கட்டிவைக்கும் வாரும் இல்லை. 1985இல் நின்றுபோனதை ஊரார் நிதி திரட்டி 1999இல் மீண்டும் ஓடச்செய்தனர். அதே மாநிலத்தில் நோபல்ஸ் என்ற குடும்பத்தார் நடத்தும் பூங்காவில் ‘பீனிக்ஸ்’ உண்டு. 1947இல் ரெக்சாஸ் மாநிலத்து சான் அன்ரோனியோவில் பிறந்து, 1980இல் பூங்கா மூடியதால் அநாதையாய் நின்ற வண்டி அது. மரம் மரமாக இலக்கமிட்டுக் கழற்றி, ஆயிரத்தைந்நூறு மைலுக்கும் அப்பால் கொண்டுவந்து, 1985இல் மறுபடியும் பூட்டினர். உயரம் எழுபத்தெட்டு அடியே. எனினும் கடைசி மேடுகளில் அது தரும் அந்தரத்தை, பலகோடி டொலர் விழுங்கிய உருக்குக் கோபுரங்கள் எவையும் எனக்குத் தந்ததில்லை. இரசிகர் வாக்களிக்கும் போட்டிகளில் அது பன்முறை முதலிடம் பெற்றமை என் விருப்பம் தனிமனிதனின் பிடிவாதம் அன்று என்பதைக் காட்டும்.

நம் நாட்டவர் எளிதில் சென்று காணத்தக்கது அவுஸ்திரேலியாவில் இருக்கின்றது. மெல்பேண் நகரின் கடலோரத்து லூனா பூங்காவில் 1912 டிசெம்பரில் தொடங்கிய காட்சிப் புகையிரதம், இடைவிடாது இயங்கிவரும் இவ்வகை வண்டிகளுள் உலகிலேயே மூத்தது. பூங்காவைச் சுற்றி மதில்போல் அமைந்த பாதையில், விரிகுடாவைப் பார்த்துக்கொண்டு செல்லலாம். வேகத்தைக் கணினி கட்டுப்படுத்துவதில்லை. வண்டியின் நடுவே ஒருவர் நின்றபடியே வருவார். கையில் ஒரு நெம்புகோல். எந்தச் சரிவில் எவ்வளவு விடவேண்டும், எந்தத் திருப்பத்தில் பிடிக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும். மழை நாளில் ஒரு பிடி, வெயில் நாளில் ஒரு பிடி. கொப்பன்ஹேகன் நகரின் ற்றிவோலித் தோட்டத்தில் 1914 முதல் ஓடும் மரவண்டியிலும் இவ்வாறே ஒருவர் உண்டு. பயணிகள் கைகளைத் தூக்கிக் கூவும்போது அவர் மட்டும் கூவுவதில்லை; அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.